புயல் ஓய்ந்த பிறகு உவரிக் கரையில் தூண்டில்: ஆரம்பத்திலிருந்து முழு வழிகாட்டி

கார்த்திகை, மார்கழியில் ஒரு தாழ்வு மண்டலம் வந்து ரெண்டு நாள் கடலைக் கலக்கிவிட்டுப் போனால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, கடல் எப்படி இருக்கு? நாளைக்குப் போலாமா?" கேட்கிறவன் பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ இருப்பான், புதுசாக ஆன்லைனில் ஒரு தூண்டில் கம்பு வாங்கியிருப்பான், வீடியோவில் யாரோ நூறு மீட்டர் வீசுவதைப் பார்த்திருப்பான். நான் ஒவ்வொருவருக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். ஒரு டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து உவரிப் பக்கம் நின்று முழு பலத்தோடு வீசிக்கொண்டிருந்தேன், மூன்று மணி நேரம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வள்ளத்து நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து, "என்ன தம்பி, அம்புட்டுத் தூரம் எறியுதீக? மீனு இங்கன காலுக்குள்ளல்லா கெடக்கு" என்றார். அவர் கைகாட்டிய இடம் நான் நின்ற இடத்திலிருந்து இருபதடி இருக்காது. அங்கே போட்டேன், கால் மணி நேரத்தில் கத்தாளை ஒன்று ஏறியது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

ஏன் புயலுக்குப் பிறகு?

சாதாரண நாளில் நம்ம கரையில் தண்ணீர் தெளிவாக இருக்கும், பகலில் பெரிய மீன் கரையை ஒட்டி வரப் பயப்படும். பெரிய அலை ரெண்டு நாள் அடித்தால் கதையே வேறு. மணலுக்குள் புதைந்து கிடக்கும் புழு, மட்டி, சின்ன நண்டு எல்லாவற்றையும் அலை கிளறி வெளியே எடுத்துப் போட்டுவிடும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் மீனுக்கு மறைவும் கிடைக்கிறது. பந்தி விரித்து, விளக்கையும் அணைத்துவைத்த மாதிரி. கெளுத்தி, கத்தாளை, திருக்கை மாதிரி மோப்பத்தையும் மீசையையும் நம்பி வாழ்கிற மீன்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, அலை கடலடி மணலையே மாற்றி அடுக்கிவிடும். கரையை ஒட்டி நீளமான பள்ளம் விழும், அதற்கு அப்பால் மணல் திட்டு எழும்பும், நடுநடுவே தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் வெட்டும். மீன் அந்தப் பள்ளத்திலும் வாய்க்காலிலும்தான் மேயும். போன மாதம் நீங்கள் மீன் பிடித்த இடம் இப்போது முழங்கால் ஆழத் திட்டாக இருக்கலாம். அதனால் பழைய இடத்தை நம்பாதீர்கள்.

முதல் வேலை: எந்த நாளில் போவது

புயல் அன்றைக்குப் போகக்கூடாது, மறுநாளும் வேண்டாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் என் கணக்கு. காற்று விழுந்திருக்க வேண்டும், அலை இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் கலங்கல் இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடுகிற நேரம் ஒரு நாள், மிஞ்சிப்போனால் ரெண்டு நாள் இருக்கும். முழுக்கத் தெளிந்துவிட்டால் பந்தி முடிந்தது.

நம்ம கடலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவுக்குக் கிழக்கே இலங்கை படுத்திருக்கிறது, வங்கக்கடலின் வடகிழக்கு அலை பெரும்பாலும் அதில் தடுபட்டுவிடும். அதனால் சென்னையில் கடல் சாலைக்கு ஏறுகிறது என்று டிவியில் காட்டும்போது இங்கே சும்மா கிடக்கலாம். குமரிக்கடல் பக்கம் தாழ்வு வந்தால்தான் இங்கே உண்மையான ஆட்டம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி அப்படி வந்ததுதான். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் காற்றும் மழையுமாகத் தெரிந்தது, கடலில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. கடற்கரை ஊர்களில் அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் முகம் மாறும். புயலை ஏதோ மீன் கொண்டுவருகிற திருவிழா மாதிரி அங்கே போய்ப் பேசாதீர்கள்.

முன்னறிவிப்புக்கு ஹைதராபாதில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை அறிவிப்பைப் பாருங்கள், கூடவே வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்: அலை உயரம், அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி, காற்றின் திசை. அலை ரெண்டு மீட்டருக்கு மேல் என்றால் நான் வண்டியை எடுப்பதே இல்லை, ஒன்றரைக்குக் கீழே இறங்கினால்தான் போவேன். உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. இடைவெளி ஆறு ஏழு விநாடி என்றால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை, காற்று விழுந்தால் தானும் விழும். பதினாலு விநாடிக்கு மேல் என்றால் எங்கோ தெற்கே பெருங்கடலில் பிறந்து வருகிற நெடிய அலை. பத்து நிமிஷம் கடல் சாதுவாக இருக்கும், பிறகு ஒன்று வந்து நீங்கள் வாளி வைத்த இடம்வரை ஏறும். அந்த மாதிரி நாளில் வேண்டவே வேண்டாம்.

துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு எண்ணும் ஒரு குறிப்பு. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. மூன்று ஏறிவிட்டால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடக்கூடும். கூண்டு இறங்கும்வரை கம்பு பரணில் இருக்கட்டும்.

இடம் பார்ப்பது

பழைய திருநெல்வேலி ஜில்லா முழுக்க எடுத்தால், 1986-ல் தூத்துக்குடி தனியாகப் பிரிவதற்கு முன்பிருந்த கணக்கில், கூட்டப்புளி தொடங்கி பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை, பெரியதாழை, மணப்பாடு, திருச்செந்தூர், புன்னைக்காயல் என்று நீண்டுகொண்டே போகும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரைப்பக்கம் போகவே போகாதீர்கள், அங்கே பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். திருச்செந்தூரில் கோயிலுக்கு முன்னால் ஆட்கள் நீராடுகிற இடத்தில் தூண்டில் முள்ளை வீசுவது மடத்தனம். மற்றபடி எனக்குப் பிடித்தது உவரியிலிருந்து கூடுதாழை வரையிலான நீட்டு மணல்கரை. திசையன்விளை வழியாகப் போனால் காலை டிபனும் ஆச்சு, மறந்துபோன சாமானும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆற்று முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்பியாறு, கருமேனியாறு இதெல்லாம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் அடைத்துக் கிடக்கும், நல்ல மழை பெய்தால் பொழிமுகம் உடைத்துக்கொண்டு கடலில் சேரும். அப்போது கொடுவாயும் மடவையும் கெளுத்தியும் அந்த வாயில் வந்து நிற்கும், ஆசை யாரை விட்டது. ஆனால் வெட்டிக்கொண்டு ஓடும் தண்ணீர் அடியில் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். விளிம்பில் நிற்கிறீர்கள், பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, ஒரே நொடியில் வண்டி அளவு மணல் அப்படியே சரியும். விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள். அதோடு 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மாதிரி பேய்மழை என்றால் (காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்) ஆற்று முகப் பக்கமே ஒன்றிரண்டு வாரம் எட்டிப்பார்க்க வேண்டாம். மரம், முள்கம்பி, செத்த ஆடு மாடு, சாக்கடை என்று எல்லாம் வந்து சேரும். அந்த நாட்களில் அங்கே மட்டி பொறுக்கிச் சமைப்பதும் கூடாது, மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், அழுக்கெல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

அப்புறம் தூண்டில் வளைவு. கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வளைவாகக் கட்டியிருக்கிறார்களே, அதற்கு அரசாங்கமே வைத்த பெயர் அது. பேரைக் கேட்டதும் நமக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பாசி பிடித்த கல்லில் நின்று போட்டுக்கொண்டிருந்தபோது அலை ஒன்று முதுகுப்பக்கமாக ஏறி வந்து என்னைக் கல்லிடுக்கில் உட்கார வைத்தது. முட்டியில் ஏழு தையல், செருப்பும் டார்ச்சும் கடலுக்குப் போயாச்சு. புயலுக்குப் பிறகு ஒரு வாரம்வரை வளைவின் மேலே ஏறாதீர்கள். வளைவு கரையோடு சேருகிற மூலை மணலில் நின்று போட்டாலே போதும், அலை குறைந்த அந்த மூலையில் மீன் ஒதுங்கும்.

ரெண்டாவது வேலை: கரையை வாசிப்பது

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். வெளிச்சம் இருக்கும்போது, கடல் வற்றி நிற்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். கம்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள், கையில் இருந்தால் வீசத்தான் தோன்றும். கொஞ்சம் மேடான மணலில் ஏறி நின்று அரைமணி நேரம் கடலைச் சும்மா பாருங்கள்.

அலை எங்கே உடைந்து வெள்ளையாக நுரைக்கிறதோ அங்கே ஆழம் குறைவு, மணல் திட்டு இருக்கிறது. எங்கே உடையாமல் கருத்து வழுவழுவென்று வருகிறதோ அங்கே பள்ளம். வெளியே ஒரு நுரைக்கோடு, கரையடியில் ஒரு நுரைக்கோடு, ரெண்டுக்கும் நடுவில் கருப்பாக ஒரு பட்டை தெரிகிறதா? அந்தப் பட்டைதான் நம் பந்தி. பல நேரம் அது கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டருக்குள்ளேயே இருக்கும். புதுக் கம்பு வைத்திருக்கிறவர்கள் அதைத் தாண்டி வெளித்திட்டின் மேல் போட்டுவிட்டு மீன் இல்லை என்று கடலைத் திட்டுவார்கள்.

வெளி நுரைக்கோடு ஓரிடத்தில் அறுந்து, அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல், கலங்கல் தண்ணீரும் நுரையும் உள்ளே கடலை நோக்கிப் போவது தெரிந்தால் அது வாய்க்கால். கரைக்கு வந்த தண்ணீர் முழுவதும் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும், இரையும் அந்த வழியாகத்தான் போகும். அதன் ரெண்டு ஓரத்திலும் மீன் காத்திருக்கும். ஆனால் ஆளை இழுத்துக்கொண்டு போவதும் அதே வாய்க்கால்தான். பார்க்க அமைதியாக இருப்பதால் குளிக்க வருகிறவர்கள் சரியாக அங்கேதான் இறங்குவார்கள். நீங்கள் தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தி மூச்சை விடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடைகிற இடம் வந்ததும் அதோடு கரைக்குத் திரும்புங்கள்.

பார்த்து முடித்ததும், பள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும் நேராக, அலை ஏறாத மேட்டு மணலில் ஆளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஏற்றம் வந்து இருட்டியபின் எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரியும், அப்போது அந்தக் குச்சிதான் வழிகாட்டும்.

நேரம் என்று கேட்டால், வற்றி முடிந்து ஏற ஆரம்பித்து முதல் ரெண்டு மூன்று மணி நேரம், அது சாயங்காலத்தோடோ விடியலோடோ சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. நம்ம பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும். நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், இன்றைக்கு நாலு மணிக்கு என்றால் நாளைக்கு ஐந்துக்குச் சமீபம்.

சாமான்கள்

கம்பு பன்னிரண்டு அடியிலிருந்து பதின்மூன்று அடி, நூறு முதல் நூற்றைம்பது கிராம்வரை எடை தாங்குவது. நீளக் கம்பு தூரம் எறிவதற்காக மட்டுமில்லை, கரையடி அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கத்தான் அது அதிகமாக உதவும். ரீல் 6000, 8000 என்கிற அளவு எண், விலை இல்லை. நரம்பு 0.35 அல்லது 0.40 மில்லிமீட்டர் சாதா நைலான், நம்ம ஊர்த் தங்கூசி. பின்னல் நரம்பு வேண்டாம் என்பேன், புயலுக்குப் பிறகு மிதந்துவரும் பாசியெல்லாம் அதில் சுற்றிக்கொள்ளும், அறுத்தாலும் போகாது. தங்கூசியின் முனையில் கம்பின் நீளத்தைப் போல ரெண்டு மடங்குக்குக் கெட்டியான நரம்பு ஒன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஈயம் நூறு கிராமுக்கு மேல் என்றால் அந்தத் துண்டு நாற்பது பவுண்டாவது தாங்க வேண்டும். இதைக் கட்டாமல் முழு பலத்தில் வீசினால் நரம்பு அறுந்து ஈயக்குண்டு துப்பாக்கி ரவை மாதிரி பறக்கும். கடற்கரையில் குழந்தைகள் விளையாடும் என்பதை மறக்க வேண்டாம்.

ரொம்பச் செலவு பண்ண முடியாதவர்கள் கைத்தூண்டிலே போதும். பள்ளம் காலடியில் இருக்கும்போது கம்பு எதற்கு? பாட்டிலில் சுற்றிய தங்கூசி, நாலு முள், ஒரு ஈயம். ஊர்ப் பையன்கள் அதை வைத்துக்கொண்டு நம் கண்முன்னாலேயே ரெண்டு கிலோ பிடித்துவிட்டுப் போவார்கள், நாம் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்போம். கைத்தூண்டில்காரர்கள் விரலில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருக்கை ஒன்று இழுத்தால் விரல் அறுபடும்.

ஈயம் உருண்டையாக இருந்தால் உருண்டு ஓடிக் கரைக்கே வந்துவிடும். கம்பிக்கால் வைத்த ஈயம் வேண்டும், நாலு பக்கமும் வளைந்த கம்பி மணலைப் பற்றிக்கொள்ளும். கல்பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடமென்றால் நல்ல ஈயத்தை வீணாக்காமல் மெக்கானிக் கடையில் பழைய ஸ்பார்க் பிளக் கேட்டு வாங்கிக் கட்டுங்கள், போனால் போகட்டும்.

முள் விஷயத்தில் எல்லாரும் பெரிசாகப் போடுகிறார்கள். கிழங்கானுக்கு வாய் சின்னது, எட்டாம் நம்பர், ஆறாம் நம்பர் முள்தான். கத்தாளை, கெளுத்தி, பாறைக்குட்டிக்கு ஒன்றின் கீழ் பூஜ்யம் (1/0) முதல் மூன்றின் கீழ் பூஜ்யம் (3/0) வரை. நான் ஒரே கட்டில் மேலே சின்ன முள், கீழே பெரிய முள் என்று ரெண்டு கிளையாகப் போட்டு, எது கடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வேன். கம்பை நிறுத்த மூன்றரையடி பி.வி.சி. குழாயை ஒரு முனையில் சாய்வாக வெட்டி மணலில் செருகினால் போதும், கடையில் இதற்கே தனியாக விலைபோட்டு விற்கிறார்கள்.

தலையில் மாட்டும் டார்ச், இடுக்கி, கத்தி, முரட்டுத் துணி ஒன்று, குடிதண்ணீர், ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். வெந்நீர் காப்பிக்கு மட்டுமில்லை, காரணம் பின்னால் வருகிறது.

இரை

கலங்கல் தண்ணீரில் பளபளக்கும் பிளாஸ்டிக் மீனெல்லாம் வேலைக்கு ஆகாது, நாற்றம்தான் வேலை செய்யும். சாளைத் துண்டு, கணவாய்க் கீற்று, தோலுரிக்காத இறால், இந்த மூன்றும் போதும். சாளை எண்ணெய் மீன், தண்ணீரில் தூரம்வரை வாசம் போகும், ஆனால் சதை மெத்து, வீசும்போதே கழன்று விழும். அதனால் தையல் நூலால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், முடிச்சுக்கூட வேண்டாம். கணவாய்க் கீற்றின் மேல் சாளையை வைத்து ரெண்டையும் சேர்த்துச் சுற்றினால் ஒன்று வாசம், ஒன்று உறுதி. எனக்கு இதுவரை இதைவிடச் சிறந்த இரை அமையவில்லை.

காசில்லாத இரை காலடியிலேயே உண்டு. அலை பின்வாங்கும்போது மணலில் ஒரு சின்ன கோலம் போட்ட மாதிரி கீறல் தெரிந்து, முட்டை வடிவத்தில் ஒரு நண்டுப்பூச்சி புதைந்துகொள்ளும். அதைக் கையால் கோரி எடுத்துப் பின்பக்கமாக முள்ளில் குத்துங்கள். அலை கரையில் ஒதுக்கிப் போட்டிருக்கும் மட்டியையும் உடைத்துப் போடலாம். அன்றைக்கு மீன் தின்றுகொண்டிருப்பதே அதைத்தானே.

பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இரையை மாற்றுங்கள். வெளுத்துப்போன இரையில் வாசம் இருக்காது. இதில் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம்.

போடுவதும் இழுப்பதும்

நம்ம கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது, கடலைப் பார்த்து நின்றால் முகம் தென்கிழக்கு. மழைக்காலத்து வாடையும் கொண்டலும் இடது தோள்பக்கமிருந்து அடிக்கும். தண்ணீரும் பெரும்பாலும் இடமிருந்து வலமாக, வடக்கிருந்து தெற்காக ஓடும். கடற்கரைக்காரர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், அவர்களிடமே "இன்னிக்கு நீவாடு எப்படி?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நேராகப் போட்டால் ஈயம் நடந்து நடந்து உங்கள் வலப்பக்கக் கரையில் வந்து நிற்கும், அதனால் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள். ஈயம் அடியைத் தொட்டதும் உடனே இறுக்காதீர்கள். இன்னும் ஐந்தாறு மீட்டர் நரம்பை விட்டுக்கொடுங்கள், ஓட்டம் அதை வில் மாதிரி வளைக்கும், அந்த இழுப்பில் கம்பிக்கால் மணலில் இறங்கும். பிறகு மெதுவாக இறுக்கி, கம்பின் நுனி லேசாக வளையும்படி நிறுத்திவையுங்கள்.

இப்படிப் போட்டால் கடி வருவது வேறு மாதிரி தெரியும். நுனி தலையாட்டும் என்று காத்திருப்பீர்கள், ஆனால் பல நேரம் இறுகியிருந்த நரம்பு திடீரென்று தொய்ந்துவிடும். ஈயம் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம், பிடுங்கியது மீன். உடனே கம்பை எடுத்துத் தொய்வைச் சுற்றிக்கொண்டு பின்னால் ரெண்டடி நடங்கள். வட்டமுள் என்றால் வெட்டி இழுக்கக்கூடாது, சுற்றினாலே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பெரிய மீனைக் கரையடி அலையில்தான் அதிகமாக இழப்போம். மீன் கடைசி அலைக்குள் வந்ததும் கடலே உங்களுக்கு உதவும், எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். அலை கரைக்கு வரும்போது கூடவே பின்னால் நடந்து இழுங்கள், அலை திரும்பும்போது கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், அடுத்த அலை அதை மணலில் வைத்துவிட்டுப் போகும். அப்போதும் தண்ணீருக்குள் ஓடிப்போய்ப் பிடிக்கக்கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள், மீன் போனாலும் சரி.

முக்கால் மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். முதலில் இன்னும் கிட்டே போட்டுப் பாருங்கள், பிறகு பத்து மீட்டர் தள்ளி, அதற்கும் பிறகுதான் அடுத்த குச்சி.

என்ன ஏறும், எதைத் தொடக்கூடாது

கிழங்கான் ஏறினால் அன்றைக்கு வீட்டில் மரியாதை கூடும். ஊடான், கீச்சான் தொல்லை கொடுக்கும், இரையைக் கொத்திக் கொத்தித் தீர்க்கும். இருட்டியபின் கத்தாளை, கெளுத்தி, திருக்கை. தண்ணீர் கொஞ்சம் தெளிய ஆரம்பித்தால் பாறைக்குட்டி, ஊளி. ஊளியின் பல்லுக்கு நரம்பு தாங்காது, முள்ளுக்கு மேல் நாலு விரல் கம்பி கட்டுங்கள்.

கெளுத்தியைப் புதியவர்கள் கையால் பிடிக்கவே கூடாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். துணியைப் போட்டு அமுக்கி இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். ஓரா மீனுக்கும் இதே கதை. திருக்கை என்றால் வாலடி முள்ளுக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். குத்திவிட்டால்தான் அந்த ஃபிளாஸ்க் வெந்நீர்: கை பொறுக்கிற சூட்டில், அதாவது நாற்பத்தைந்து டிகிரி அளவில், குத்துப்பட்ட இடத்தை அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி நன்றாகக் குறையும். குத்துப்படாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள், வலியில் இருக்கிற கைக்குச் சூடு தெரியாது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி, முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கட்டாயம்.

பேத்தை, அதாவது உப்பிக்கொள்ளும் மீன், எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கடலிலேயே விடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. புயலுக்குப் பிறகு சொறிமீனும் கடல் பாம்பும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும், செத்ததுபோல இருந்தாலும் காலால்கூடத் தள்ளாதீர்கள். மார்கழியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம், அதனால் இரவில் மணலில் வண்டி ஓட்டுவது, டார்ச்சைக் கண்டபடி அடிப்பது வேண்டாம். ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிறவை, கையில் வைத்திருந்தாலே வழக்குதான்.

வானத்தில் மின்னல் தெரிந்தால் கம்பைப் படுக்கப் போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகி வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளிக் கடற்கரையில் பதின்மூன்று அடிக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது இடியைக் கூப்பிடுவதுதான். தனியாகப் போகாதீர்கள். கடலோரக் காவல் குழும எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108, மூன்றையும் போனில் பதிந்துவையுங்கள்.

ஊர்க்காரர்களோடு

நீங்கள் நிற்கிற இடம் யாரோ ஒருவருடைய தொழில் செய்யும் இடம். வள்ளம் ஏறி இறங்குகிற தடத்துக்கு நேராகக் கம்பு நடாதீர்கள். கரைவலை இழுக்கிறார்கள் என்றால் நரம்பைச் சுற்றிக்கொண்டு ஒதுங்குங்கள், ஒரு கை பிடித்து இழுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, இரைக்குச் சாளை அங்கேயே கிடைக்கும். முதலில் போய் "அண்ணே, இங்கன தூண்டில் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எந்த ஊரிலும் யாரும் வேண்டாம் என்றதில்லை, எங்கே போட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடலுக்குப் போகமாட்டார்கள், வள்ளங்கள் எல்லாம் கரையில் நிற்கும், கிறிஸ்துமஸ் நேரம் என்றால் கூட்டமும் இருக்கும், அன்றைக்கு ஊரைத் தாண்டித் தள்ளிப் போய்விடுவது நல்லது.

அறுந்த நரம்பை மணலில் போட்டுவிட்டு வராதீர்கள். நாய்க்கால், ஆமைக் கழுத்து, பையன்கள் விரல் என்று எதிலாவது மாட்டும். அடுத்த வருஷம் அந்த ஊருக்குள் நம்மை விடவும் மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும்

மீனை அங்கேயே குடல் எடுத்து ஐஸில் வைத்தால்தான் திருநெல்வேலிவரை தாங்கும், கெளுத்தி கொஞ்ச நேரத்திலேயே வாடை அடிக்கும். ரீலை நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அடித்தால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும், நான் அப்படித்தான் ஒரு ரீலைக் காலி பண்ணினேன். முனை நரம்பு பத்து மீட்டரை விரலால் உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அதுவரை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

மறுநாளும் போகிறீர்களா? போங்கள், கடல் இன்னும் கொஞ்சம் தெளிந்திருக்கும். ஆனால் நேற்று நட்ட குச்சிக்கு நேராகப் பள்ளம் இருக்காது, நீவாட்டோடு தெற்கே நகர்ந்திருக்கும். கம்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, திரும்பவும் மணல்மேட்டில் ஏறி நின்று முதலிலிருந்து பாருங்கள்.